ஏ.என்.ஏ பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்று அர்த்தமில்லை

தன் ரிப்போர்ட்டில் ஏ.என்.ஏ (செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் இரத்தச் சோதனை) பாசிட்டிவ் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அதற்கு, "ஏ.என்.ஏ பாசிட்டிவ் வந்தால் லூபஸ் உறுதி, உடனே ஸ்டீராய்டு தொடங்குங்கள்" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். இதை நம்பி யாரும் மாத்திரை வாங்கிவிடாதீர்கள்.

தன்னெதிர்ப்பு நோய் ஆய்வில் பெரிய பெயரான எங் டானின் குழு 1997-இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தது. நோயே இல்லாதவர்களின் இரத்தத்தைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 1:40 அளவில் 31.7 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ்! அதாவது மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவர். 1:160-இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது.

அந்த 1:40 என்பது என்ன? சீரத்தை நாற்பது மடங்கு நீர்க்கச் செய்து, செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் செல்லின் உட்கரு மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். இன்னும் நீர்த்த பிறகும் ஒளிர்ந்தால்தான் கவனம் தேவை. தைராய்டு கோளாறு, சில மருந்துகள், வயது எல்லாமே இதை பாசிட்டிவ் ஆக்கும்.

சரி, அப்போது இந்தச் சோதனை வீணா? இல்லை. லூபஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது பாசிட்டிவ்தான். அதனால் நெகட்டிவ் வந்தால் பெரும்பாலும் நிம்மதி. லூபஸை வகைப்படுத்த 2019-இல் வந்த விதிகளிலும் 1:80 என்பது வெறும் நுழைவுச்சீட்டுதான். மூட்டுவலி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், லூபஸோடு நெருங்கிய தொடர்புள்ள ஆன்டி-டிஎஸ்-டிஎன்ஏ, ஆன்டி-எஸ்எம் ஆன்டிபாடிகள் என்று மற்றவற்றையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: உங்கள் ரிப்போர்ட்டில் எந்த அளவு என்று பாருங்கள், அதோடு ருமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்) மருத்துவரிடம் போங்கள்.