புளித்தது வேறு, ஊசிப்போனது வேறு

சனிக்கிழமை இங்கே பெல்ஜியத்தில் எங்கள் வீட்டு விருந்தில் நான் வைத்த பீரை ஒருவர் ஸிங்க்கில் கொட்டிய கதை, நம் குழுவில் வந்த படத்தால் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஸிங்க்கின் படம், மேலே ‘வினிகர் விருந்து’ என்று தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும்: அந்த பீர் கெட்டுப்போகவில்லை. புளித்திருந்தது. புளிக்க வேண்டும் என்றே இரண்டு வருடம் மரப்பீப்பாயில் போட்டு வைத்திருந்தார்கள்.

விருந்துக்கு வந்த ஓர் அண்ணா (பெயர் சொல்லப் போவதில்லை, படம் போட்டவருக்குத் தெரியும்) ஒரே மடக்கில் அரை கிளாஸை உள்ளே தள்ளினார், முகத்தைச் சுளித்தார், “கெட்டுப்போச்சும்மா இது” என்றார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் முக்கால் லிட்டர் பாட்டில் ஸிங்க்கில் காலி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மேல் இருந்த அக்கறையாம்.

அது ரோடன்பாக் வின்டேஜ். ஒரே ஒரு பீப்பாயிலிருந்து எடுத்தது. எந்த எண் பீப்பாய் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். கோர்ட்ரெய்க்கிலிருந்து, அதைச் செய்கிற ஆலை இருக்கும் ரூசெலாரே ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கலாம். 1821இல் தொடங்கிய ஆலை. உள்ளே 294 ஓக் பீப்பாய்கள், ஃபூடர் என்பார்கள். நம் ஊர் நெற்குதிர் போல நெட்டுக்குத்தாக, ஆளைவிட இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். நூறு வயது தாண்டியவை அதில் நிறைய. 1870களில் ரோடன்பாக் குடும்பத்து யூஜின் என்பவர் இங்கிலாந்து போய், பீரை மரத்தில் முதிரவைத்துப் புதியதோடு கலக்கும் வித்தையைக் கற்று வந்தார் என்று அங்கே கதை சொல்வார்கள். மரத்துக்குள் பாக்டீரியா குடியிருக்கிறது. லாக்டிக் அமிலம் அது தருவதுதான். மர இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும். அந்தக் காற்றால் லேசாக அசிட்டிக் அமிலமும் சேரும். ஆமாம், வினிகரில் இருக்கிற அதே அமிலம். எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் ஒரே அமிலம் இருக்கிறது என்பதற்காக ஆரஞ்சை எலுமிச்சை என்போமா?

லாக்டிக் என்றதும் பயப்பட வேண்டாம். நேற்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லியில் இருப்பதும் அதுதான். என் ஆச்சி தினம் காலையில் மாவுப் பானையைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். “புளிச்சிருக்கு” என்றால் தோசைக்கல் அடுப்பில் ஏறும். “ஊசிப்போச்சு” என்றால் மாவு வாய்க்காலுக்குப் போகும். ஒரு மூக்கு, இரண்டு வார்த்தை. இந்த இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிற நாம், ஒரு பாட்டிலைத் திறந்ததும் எல்லாமே ஊசிப்போனது என்கிறோம்.

உடனே வருவீர்கள், “குடியை ஊக்குவிக்கிறாள்” என்று. சனிக்கிழமை என் வீட்டில் விஸ்கி எத்தனை பாட்டில் காலியானது, யார் கொண்டுவந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைப் படம் எடுத்து யாரும் போடவில்லை. ஒரு பெண் பீரை முகர்ந்து பார்த்து மெதுவாகக் குடிப்பதுதான் உறுத்துகிறது. சரி, அடுத்ததற்குப் போகலாம்.

“சுவை அவரவர் விருப்பம்.” இது நியாயம். எனக்கும் முதல் தடவை பிடிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கிளாஸ் கொடுத்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மரியாதைக்காகக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார், சிரித்தார். உள்ளே போய்ச் சிவப்பு கிரெனடின் சிரப்பை எடுத்துவந்து கொஞ்சம் ஊற்றினார். இங்கத்து ஆட்களிலேயே புளிப்பு தாங்காதவர்கள் அப்படித்தான் குடிப்பார்களாம். அப்புறம் சொன்னார்: முதல் வாயை வைத்துத் தீர்ப்பு சொல்லாதே, நாக்கு அப்போதுதான் அதிர்ச்சியில் இருக்கும்; மூன்றாவது வாயில் பேசலாம். மூன்றாவது வாயில் எனக்குக் கிடைத்தது செர்ரி, உலர்திராட்சை, மழையில் நனைந்த பழைய மரப்பெட்டி வாசனை. ஆட்டுக்கறிச் சுக்காவோடு ஒரு தடவை குடித்துப் பாருங்கள். கொழுப்பை நாக்கிலிருந்து வழித்துக்கொண்டு போகும். நான் கேட்பது இவ்வளவுதான். பிடிக்காவிட்டால் கிளாஸைக் கீழே வையுங்கள். கொட்டாதீர்கள்.

உண்மையாகவே கெட்டுப்போன பாட்டில்களும் உண்டு, மறைக்கவில்லை. நகப்பாலிஷ் நெடி மூக்கைத் துளைத்தால், தொண்டை எரிந்து பழவாசனை ஒன்றுமே இல்லாவிட்டால் நானே கொட்டிவிடுவேன். ஆனால் அதைச் சொல்ல முதலில் முகர வேண்டும். ஐஸ் பெட்டியில் உறையவைத்து எடுத்து மடக்கென்று குடித்தால் எதுவும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு டிகிரியில், வாய் குறுகிய கிளாஸில், கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

குழுவில் ஒருவர் “லாம்பிக்னா அப்படித்தான் இருக்கும்” என்று விளக்கம் வேறு கொடுத்திருந்தார். லாம்பிக் வேறொரு புளிப்பு பீர், பிரஸ்ஸல்ஸ் பக்கம். அங்கே ஈஸ்ட் போடுவதில்லை, காற்றில் வருவதை வைத்தே நொதிக்கவிடுவார்கள். இது மேற்கு ஃபிளாண்டர்ஸ். மீன்குழம்பைக் காட்டி ரசம் என்கிற மாதிரி.

“சீன் போடுறா” என்று எழுதியவருக்கு என்ன சொல்ல? அந்த பாட்டில் என் பணத்தில் வாங்கியதுகூட இல்லை. அதே பெரியவர் போன வருடம் முதியோர் இல்லத்துக்குப் போகும்முன் என் கையில் கொடுத்தது. “நல்ல நாளில் திற” என்றார். சனிக்கிழமை என் மகள் பிறந்தநாள்.

இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். கொட்டும்போது அண்ணா சொன்ன ஒரு வார்த்தையைப் படத்தில் யாரும் போடவில்லை. “கள்ளு நாத்தம். உங்க தாத்தா ஞாபகமா வாங்கி வெச்சியாம்மா?” நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆமாம், என் தாத்தா பனையேறி. திருச்செந்தூர் பக்கம், நாளைக்கு முப்பது நாற்பது மரம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள். எந்தக் கலயம் எந்த நேரத்தில் எவ்வளவு புளித்திருக்கும் என்று இறக்கும்போதே மூக்கால் சொல்வார். அந்த மூக்கு ரூசெலாரேயில் பிறந்திருந்தால் சட்டை போட்டு, சம்பளம் கொடுத்து, எந்தப் பீப்பாயை எதோடு கலக்கலாம் என்று கேட்டிருப்பார்கள். நம் ஆட்களிடம் அது ‘நாத்தம்’. இதே அண்ணா ப்ரூஜ் போனால் ‘துஷெஸ் டி பூர்கோன்’ பாட்டிலை, அதில் இருக்கிற சீமாட்டி படத்துக்காகவே கையில் பிடித்து போட்டோ எடுத்துப் போடுவார். அதுவும் இதே புளிப்பு பீர்தான் அண்ணா. கோர்ட்ரெய்க் பக்கத்தில் விக்டேவில்தான் செய்கிறார்கள். ஓக் பீப்பாய், அதே பாக்டீரியா, அதே வாசனை.

அடுத்த மாதமும் வீட்டுக்கு வாருங்கள், எல்லோரையும்தான் கூப்பிடுகிறேன். மீன்குழம்பு உண்டு, புளி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அண்ணாவுக்கு மட்டும் ஆப்பிள் ஜூஸ் வாங்கி வைத்திருக்கிறேன், மூடி திறக்காமல். ஸிங்க் பக்கம் யாரும் போக வேண்டாம், பாத்திரத்தை நானே கழுவிக்கொள்கிறேன்.