விலையைப் பற்றி நான் பேசவே இல்லை

சனிக்கிழமை பிறந்தநாள் விருந்தில் மண்டபத்தில் நடந்தது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அத்தை கொடுத்த வாத்து பொம்மையைத் தங்கை மகன் கையிலிருந்து வாங்கி மேலே வைத்தேன். "அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) சாமான்னு கேவலமா நினைச்சிட்டா" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அன்றிலிருந்து ஓடுகிறது. விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு வயசு. அதைத்தான் சொன்னேன்.

வாத்தின் வயிற்றில் பட்டன் பேட்டரி. மூடிக்கு ஸ்க்ரூ இல்லை, நகத்தால் நெம்பினாலே கழன்றுவிட்டது. அதைப் பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, அரிக்கிற காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். வெளியே தெரிவது பெரும்பாலும் இருமல், எச்சில் ஒழுகுவது போன்றவைதான். நாம் சளி என்று தைலம் தடவிக்கொண்டிருப்போம்.

பெட்டியிலேயே குழந்தை முகத்தின் மேல் கோடு போட்டு, மூன்று வயசுக்குக் கீழே ஆகாது என்று படம் இருந்தது. பொம்மைப் பாதுகாப்புக்கு 2009-லேயே நம் நாட்டில் விதிமுறை வந்துவிட்டது. விற்கிற பொம்மையில் எம்சி (MC) என்ற பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. வயசைப் பாருங்கள், மூடியைப் பாருங்கள் என்பது இவ்வளவு பெரிய குற்றமா?

"நாமெல்லாம் கண்டதை வாயில போட்டு வளரலையா?" என்கிறார்கள். என் பாட்டி ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். ஏணையில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் விரித்துப் பார்ப்பார். ரப்பர் கொட்டை இருந்தால் பிடுங்கி வெளியே எறிவார். தவழ்கிற பிள்ளைக்கு அகப்பையும் மங்குத் தட்டும்தான். அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டதால்தான் நாம் வளர்ந்தோம்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதே அஞ்சு வெள்ளிக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களோ, வாய்க்குள் போகாத பெரிய பந்தோ கிடைக்கும். ஒரு வயசுப் பிள்ளை அதை வைத்து நாள் முழுக்க விளையாடும்.

எல்லார் முன்னாலும் பிள்ளை கையிலிருந்து பொம்மையை வாங்கியிருக்கக் கூடாதாம். பிள்ளை அந்த மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். கேக் வெட்டி முடியும்வரை நான் காத்திருக்க வேண்டுமா?

"டவுன்ல படிச்ச திமிரு" என்று எழுதியதுதான் தாங்கவில்லை. நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். என் அம்மா ரப்பர் பால் வெட்டித்தான் என்னைப் படிக்கவைத்தார். தோட்டத்துப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்று மற்றவர்கள் நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதை நாமே நினைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அத்தை, உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆசையாகத்தான் வாங்கி வந்தீர்கள், தெரியும்.

தீபாவளிக்குத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்க அதே குழுவில் வசூல் நடக்கிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன். எந்தப் பிள்ளைக்கு என்ன வயசு என்று பட்டியல் எடுத்துவிட்டு வாங்குங்கள் என்று எழுதினேன். இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை.