பதில் பேசாத அந்த இன்னொருவர்

நாடகம் முடிந்து விளக்கு போட்டதும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "சரி, இதுல என்ன சொல்ல வர்றாங்க?" சபா நாடகமும் மேடைப் பேச்சும் பட்டிமன்றமும் பழக்கிவிட்ட கேள்வி. அங்கெல்லாம் கடைசியில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார், நாமும் நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கணவன் மனைவி, அப்பா மகள், பேச்சு நின்றுபோன சிநேகிதிகள் என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற புதிய குறுநாடகங்களையும், ஒரே ஆள் பேசி நடிக்கும் தனிமொழிகளையும் இந்தக் கேள்வியோடு போய்ப் பார்த்தால் ஒன்றும் சிக்காது. வேறு கேள்வி ஒன்று இருக்கிறது. மேடையில் நிற்கும் ஆள் யாரிடம் பேசுகிறார்?

அண்மையில் பார்த்த ஒரு தனிமொழி. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வங்கிக் கவுண்டர் முன்னால் நிற்கிறார். கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒழுங்காக இருக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நாம் பார்ப்பதே இல்லை. பின்னால் வரிசை நிற்பது, இவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வதில் தெரிகிறது. கடைசிவரை படிவத்தைப் பற்றித்தான் பேசுகிறார். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, ஏடிஎம் கார்டைத் திருப்பித் தர வேண்டுமா, இனிமேல் குறுஞ்செய்தி யார் நம்பருக்கு வரும். நடுவில் ஒரு வரி: "நான் பணம் எடுத்தா அவங்களுக்குத்தான் சார் மெசேஜ் போகும். உடனே போன் வரும், எதுக்கு ஐந்நூறுன்னு."

அந்த ஒரு வரியில் அவர்கள் குடித்தனம் மொத்தமும் வந்துவிட்டது. அதில் அக்கறை எவ்வளவு, கண்காணிப்பு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. எழுதியவரும் பிரிக்க முயலவில்லை, அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கேட்பவர் வங்கி ஊழியர் என்பதால் இவரால் அழ முடியாது, கதையை நீட்டவும் முடியாது. இதே மனிதரைப் பழைய நண்பர் ஒருவரிடம் பேச விட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே உடைந்து அழுதிருப்பார். மிச்ச நேரம் நாம் கடிகாரம் பார்த்திருப்போம்.

இது வெளியூரிலிருந்து நேற்று வந்திறங்கிய கலை என்று சிலர் நினைக்கிறார்கள். பத்து நிமிட நாடகப் போட்டி என்கிற வடிவம் வேண்டுமானால் அப்படி வந்தது. சிட்னியில் 2002-இல் தொடங்கிய 'ஷார்ட் அண்ட் ஸ்வீட்' விழா சென்னைக்கும் வந்து போனது. ஆனால் ஒருவர் பேச, இன்னொருவர் வாய் திறக்காமல் கேட்கிற அமைப்பு நம் வீட்டுச் சொத்து. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று அகப்பாடல் முழுக்க அதுதானே! புலவர் தன் குரலில் தலைகாட்டுவதே இல்லை. குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு கபிலருடையது, ஐந்தே அடி. நாங்கள் கூடிய அன்றைக்கு அங்கே வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றிருந்தது என்கிறாள் தலைவி. இருக்கிற ஒரே சாட்சி ஒரு பறவை, அதன் கண்ணோ மீன்மேல். இதை ஊரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் வழக்கு. தோழியிடம் சொல்வதால் பயம்.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்றுக்குப் பக்கத்திலேயே கேட்போரை வைக்கிறது, அடுத்துக் களம், காலம். தனிமொழி எழுத உட்காருகிறவர் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளலாம். (பட்டறைக் கட்டணம் மிச்சம்.)

உறவுகளைப் பற்றிக் குறைந்த நேரத்தில் எழுதுவதற்குத் தமிழில் இன்னொரு வசதி, விளிக்கும் முறை. யார் யாருக்கு என்ன வேண்டும் என்று அறிமுகம் செய்ய நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. "அண்ணி, சாவி எங்க வச்சீங்க?" என்றால் போதும், பாதிக் குடும்பம் மேடைக்கு வந்துவிடும். அதுவரை "டேய்" போட்டுக்கொண்டிருந்த அண்ணன் திடீரெனத் தம்பியை "நீங்க" என்று கூப்பிட்டால், அங்கே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்று நம் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டாம். இதைப் பயன்படுத்தத் தெரிந்த இளம் எழுத்தாளர்கள் இப்போது நன்றாக எழுதுகிறார்கள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு அக்கா தங்கைகள் தணிந்த குரலில் சண்டை போடுகிற ஒரு நாடகத்தில், உள்ளே அம்மா விழித்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அம்மா பாத்திரத்துக்கு ஒரு வசனம்கூட இல்லை. அன்று மேடையில் அதிக நேரம் இருந்தவர் அவர்தான்.

எல்லாமே அற்புதம் என்று சொல்ல வரவில்லை. மேடைக்கு நடுவில் வந்து, நேராக நம்மைப் பார்த்து, தனக்கு நேர்ந்த அநியாயத்தை வரிசையாகச் சொல்லி, கடைசியில் நிமிர்ந்து நின்று முடிக்கிற வகை ஒன்று உண்டு. விளக்கு நீலமாகும், புல்லாங்குழல் வரும். அதில் சொல்லப்படும் ஒவ்வொரு வரியோடும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் உடன்படுவதற்கா நாடகத்துக்குப் போகிறோம்? பார்வையாளரிடம் நேராகப் பேசுவதே தவறு என்பதும் இல்லை. கூத்தில் கட்டியங்காரன் காலங்காலமாக அதைத்தான் செய்கிறான். அவனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. ராஜாவுக்கு அறிவிப்பாளன், அதே ராஜாவைக் கிண்டல் செய்கிறவன், நமக்குக் கூட்டாளி. நம்மை யாராக நினைத்துப் பேசுகிறார் என்றே தெரியாத நடிகர் பேசும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

தொலைபேசி எடுத்துக்கொண்டு வருகிற தனிமொழிகளும் நிறைய. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோ 1930-இலேயே ஒரு பெண்ணைத் தொலைபேசியோடு மேடையில் தனியாக விட்டார், அந்தப் பக்கத்துக் காதலன் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. நம் காலத்துக்கு வாட்ஸப் குரல் பதிவு. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மகள் மூச்சுவிடாமல் பேசிப் பதிவு செய்கிறாள், அழிக்கிறாள், மறுபடி பேசுகிறாள், மறுபடி அழிக்கிறாள். கடைசியில் அனுப்பியது, "சிலிண்டர் புக் பண்ணிட்டேம்ப்பா." இதைப் பார்த்து அரங்கத்தில் பலர் சிரித்தார்கள். நானும்தான்.

இவ்வளவு தனிமொழிகள் வருவதற்குக் கலைக் காரணம் மட்டும் இல்லை, கைக்காசுக் காரணமும் உண்டு. ஒரு நாற்காலியும் ஒரு நடிகரும் போதும். மொட்டை மாடி, நூலக அறை, பள்ளிக்கூட ஹால், எங்கேயும் போடலாம். ஏழெட்டுப் பேரை அலுவலகம் முடிந்த பிறகு மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வரவழைப்பது எவ்வளவு பாடு என்று குழு நடத்தியவர்களைக் கேளுங்கள். ராத்திரி ஒத்திகைக்கு வீட்டில் விடாத பெண்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெண்கள், தங்களுக்குத் தோதான நேரத்தில் தனியாகவே தயார் செய்து மேடையேறுகிறார்கள். நான் பார்த்ததில் நன்றாக எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல் இவர்களுடையவை.

நாம் பாராட்டும் லட்சணம்தான் சரியில்லை. "அருமை", "நெகிழ்ந்துபோனேன்", மூன்று கைகூப்பல். எழுதியவருக்கு இதனால் என்ன லாபம்? எந்த இடத்தில் நம் கவனம் போனது, எந்த வரியில் திரும்பி வந்தது என்று சொன்னால் அடுத்த காட்சிக்கு முன் அவர் ஒரு பத்தியை வெட்டுவார். முன்பு சிறுபத்திரிகைகளில் நாடகம் அச்சாகும், ஊர் தெரியாத யாரோ படித்துவிட்டு வேறெங்கோ போடுவார்கள். இப்போது இரண்டு மாலை நடக்கிறது, நாலு புகைப்படம் வருகிறது, பிரதி அவரவர் மடிக்கணினிக்குள் போய்விடுகிறது. வங்கிக் கவுண்டர் தனிமொழியை ஒரு பெண் நடிகர் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. கணவர் பெயரை நீக்க வந்தவராக, அதே படிவத்தோடு. எழுதியவரிடம் கேட்டேன், தாராளமாகப் போடட்டும் என்றார்.

ஆகவே மதுரை, திருச்சி, புதுச்சேரி, யாழ்ப்பாணம் எங்கே இருந்தாலும், போட ஆள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், பிரதியை எழுதியவரிடமிருந்து வாங்கித் தருகிறேன். இலவச அனுமதிச் சீட்டு மட்டும் அனுப்ப வேண்டாம். காசு கொடுத்து வந்தால்தான் பிடிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.