போதையில் விழுந்தவனைத் தூக்கிட்டு வர்றவனை விடுங்க

காட்பாடியில் மெடிக்கல் ஷாப் வைத்து 22 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்கள் இருமல் டானிக் கேட்பார்கள். ஒரே ஆள் வாரத்தில் நாலு பாட்டில் கேட்டால் எதற்கென்று நமக்கே தெரியும், அதில் இருக்கும் அபின் வகை மருந்தான கோடீனுக்கு. அப்புறம் தூக்க மாத்திரை. இப்போது சில வருஷமாக வலி மாத்திரை, டேபென்டடால். கேட்கிற பையனுக்கு 19 வயசு இருக்கும், வலி ஒன்றும் இருக்காது. "இல்லப்பா" என்றால் சண்டை போட மாட்டான், போய்விடுவான். வேறு வழி அவனுக்குத் தெரியும். வெளியூர் மாத்திரை ரயிலில் வந்துவிடும், நம்ம ஜங்ஷன் வழியாகப் போகாத வண்டி எது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கடை சாத்துகிற நேரம். மூன்று பையன்கள், நடுவில் இருப்பவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். "ணா, குளுக்கோஸ் குடுணா, சரக்கு ஓவராயிடுச்சு." குடிகாரனை 22 வருஷமாகப் பார்க்கிறேன். இவன் தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம், அதுவும் விட்டு விட்டு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. "இன்னாடா போட்டான், உண்மையச் சொல்லு" என்றேன். ஒருத்தன் தலையைக் குனிந்தான், இன்னொருத்தன் ஓடிவிட்டான். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்ணா. எங்கப்பா கொன்னுடுவாரு."

நான் கத்தின கத்தில் ஆட்டோ வந்தது. தலை குனிந்தவன் கூடவே ஏறினான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தவுடன் அவனும் காணாமல் போனான். ஆட்டோக்காரர் மறுநாள் சொன்னார்: "உள்ள கேட்டாங்கோ, நான் குடிச்சிருக்கான்னு சொல்லிட்டேன். எனக்கு இன்னா தெரியும்?" டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்க, புரிந்துகொண்டு ஊசி போட்டிருக்கிறார். பையன் பிழைத்தான்.

அந்த ஊசி பெயர் நலோக்சோன். மூளையில் ஓபியாய்டு மருந்து (அபின், ஹெராயின், இந்த வலி மாத்திரை எல்லாம் அந்த வகைதான்) உட்காருகிற இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 1971லேயே அனுமதி கிடைத்த பழைய மருந்து. அதே 1971ல்தான் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் போதையை 'முதல் எதிரி' என்று அறிவித்தார். அதே வருஷம் நம்ம ஊரில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். ஒரு வருஷத்துக்குள் எத்தனை கூத்து.

மதுவிலக்கு என்றதும் ஒன்று. 1937ல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்தது, 1939 அக்டோபரில் நம்ம வட ஆற்காட்டுக்கு வந்தது. அந்த மாசக் கடைசியில் மந்திரிசபையே ராஜினாமா செய்துவிட்டது. கள்ளு, சாராய வருமானம் போனதை ஈடுகட்ட அதே 1939ல் விற்பனை வரி போட்டார்கள். நான் இன்றைக்கு பில்லில் அடிக்கிற ஜிஎஸ்டிக்குத் தாத்தா அது. சரி, குடி போனதா? அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை என்றாலே இன்றும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வருகிறது. போலீஸ் ஏறி உடைத்துவிட்டு இறங்கும், மறுபடி ஊறும். மலைச் சாராயமாவது வெல்லமும் பட்டையும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் என்கிற விஷம் கலந்ததைக் குடித்து.

மாத்திரையிலும் இதே கதை. 2018 ஏப்ரலில் ட்ரமடால் என்கிற வலி மாத்திரையை போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நல்லதுதான், ரிஜிஸ்டர் எழுதி எழுதி எங்கள் கை ஓய்ந்தது. பையன்கள் அதைவிட வீரியமான டேபென்டடாலுக்கு மாறினார்கள். அமெரிக்காவிலும் ஆரம்பம் வலி மாத்திரைதான். 1996ல் பர்டியூ கம்பெனி ஆக்ஸிகான்டின் என்கிற ஓபியாய்டு வலி மாத்திரையை இறக்கி, அடிமையாவது அபூர்வம் என்று டாக்டர்களிடம் விற்றது. பொடியாக்கிப் போதைக்கு எடுத்தார்கள் என்று 2010ல் எளிதில் பொடியாக்க முடியாதபடி மாத்திரையை மாற்றினார்கள். நிறைய பேர் ஹெராயினுக்குப் போனார்கள், ஹெராயின் இடத்தில் அதைவிட வீரியமான ஃபென்டனில் வந்தது. 2021ல் ஒரே வருஷத்தில் எல்லா வகை போதை மருந்தும் சேர்த்து, அங்கே அளவு மீறிச் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் பையன்களுக்கு சிரிஞ்ச் விற்பதை நிறுத்தினேன். பெருமையாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பாலாற்றங்கரையில் ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்கிறார்கள். 1986ல் சென்னையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவுக்கு எச்ஐவி வந்துவிட்டதை முதலில் கண்டது நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி லேப். அந்த ஊரில் கடை வைத்துக்கொண்டு ஊசி மாற்றிக் குத்தினால் எச்ஐவி பரவும் என்பது எனக்கு உறைக்கவில்லை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே புது ஊசி கொடுக்கிறது. இப்போது நான் கொடுக்கிறேன், திட்டிக்கொண்டே.

கேட்பது ஒன்றுதான். சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்கி வருகிறவர் மேல் கேஸ் கிடையாது, பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று சேர்த்தார்கள். நம்ம மாநிலத்தில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மாத்திரையால் விழுந்தவனைத் தூக்கி வருகிறவனுக்கு மட்டும் ஏன் அந்த தைரியம் கிடையாது? போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தானாக சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு. ஆனால் அது கேஸ் ஆன பிறகு திறக்கிற கதவு. மூச்சு நிற்கிற பத்து நிமிஷத்துக்கு அது எதற்கு உதவும்? அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2007லேயே, உதவிக்குக் கூப்பிட்டவன் மேல் போதை வைத்திருந்த கேஸ் போடக்கூடாது என்று சட்டம் போட்டது. அப்புறம் மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன.

பயம் விட்டுப் போகும், எல்லாரும் போட ஆரம்பிப்பார்கள் என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். விற்கிறவனை விடச் சொல்லவில்லை. எங்கள் தொழிலிலேயே சீட்டு இல்லாமல் பெட்டி பெட்டியாகத் தள்ளுகிறவன் இருக்கிறான், அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற 19 வயசுப் பையன் எந்த மாத்திரை என்று வாயைத் திறக்கட்டும் என்கிறேன்.

பிழைத்த பையனின் அம்மா மாசாமாசம் பிபி மாத்திரைக்கு என் கடைக்குத்தான் வருகிறார். அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டோவில் ஏறினவன் இந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறான், என் கடை வந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறான். ஓடாமல் அவன் ஏறினதால்தான் மற்றவன் உயிரோடு இருக்கிறான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.