பூட்ஸுக்காக ஒரு கலகம்

ஐரோப்பாவின் பழைய மடங்களின் படத்தைப் பகிர்ந்து, 'என்ன எளிமை, என்ன அமைதி' என்று உருகுகிறோமே, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. குறிப்பாக சிஸ்டெர்சியன் மடங்கள் விஷயத்தில்.

1098-இல் பிரான்சின் பர்கண்டியில், சீத்தோ என்ற இடத்தில் தொடங்கிய கத்தோலிக்கத் துறவிகளின் சபை. மற்ற மடங்களில் ஆடம்பரம் மிஞ்சிவிட்டது, நாங்கள் சாயம் போடாத கம்பளியை உடுத்தி உழைத்துச் சாப்பிடுவோம் என்று கிளம்பியவர்கள். 1153-இல் இந்தச் சபையின் புகழ்பெற்ற துறவி புனித பெர்நார்து இறந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட மடங்கள்!

சரி, உழைத்தது யார்? துறவிகளும் மண்வெட்டி பிடித்தார்கள்தான். ஆனால் நள்ளிரவு தொடங்கிப் பலமுறை கோயிலில் நின்று திருப்பாடல் பாட வேண்டியவர்கள் தொலைதூரப் பண்ணையில் எப்படி ஆடு மேய்ப்பார்கள்? அதற்கு 'கான்வெர்சி' என்ற சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களும் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்தவர்களே. ஆனால் புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது. சில ஜெபங்களை மனப்பாடம் செய்தால் போதும். கோயிலின் மேற்குப் பாதியில் தனி இடம், தனிச் சாப்பாட்டுக்கூடம். எத்தனை வருடம் உழைத்தாலும் பாடும் துறவியாக முடியாது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1132-இல் தொடங்கிய ஃபவுண்டன்ஸ் மடத்தின் மேற்குக் கட்டடத்தைப் படத்திலாவது பாருங்கள். ஏறக்குறைய 90 மீட்டர் நீளம். நடுவில் ஒற்றை வரிசைத் தூண்கள், அவற்றிலிருந்து இருபுறமும் விரியும் கல் வளைவுகள். எல்லோரும் புகைப்படம் எடுப்பது இங்கேதான். கீழே சரக்கறையும் இந்தச் சகோதரர்கள் சாப்பிட்ட இடமும், மேலே அவர்கள் படுத்த இடம். அவர்கள் மேய்த்த ஆடுகளின் கம்பளியைத்தான் மடம் இத்தாலிய வியாபாரிகளுக்குப் பல வருடம் முன்கூட்டியே விற்று முன்பணம் வாங்கியது. ஆடுகளுக்கு நோய் வந்ததும் கடனில் மாட்டிக்கொண்டது தனிக்கதை.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் அருகே ஷோனாவ் மடத்தில், 12-ஆம் நூற்றாண்டில், பூட்ஸ் விநியோகம் தொடர்பாக இந்தச் சகோதரர்கள் கலகம் செய்தார்கள். துறவிகளின் பூட்ஸை வெட்டிப் போடத் திட்டமிட்டார்களாம். அதற்குள் தலைவன் திடீரென்று செத்துப்போனான், கடவுள் தண்டித்தார் என்று சபையின் ஏடு சொல்கிறது. எழுதியது யார் பக்கம் என்று சொல்லவும் வேண்டுமா?

14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து, ஆள் குறைந்து கூலி ஏறியது. இப்படிச் சகோதரர்களாகச் சேர ஆள் கிடைப்பதே அரிதாகி, மடங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்க ஆரம்பித்தன.