பிலாட்டீஸால் முதுகெலும்பு தேயாது

டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறையைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “பிலாட்டீஸுக்கு விலையுயர்ந்த இயந்திரம் கட்டாயம். ஐம்பதைத் தாண்டியவர்கள் செய்தால் முதுகெலும்பு தேய்ந்துவிடும்.” இரண்டும் தவறு.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் வெளியிட்ட நூலின் 34 பயிற்சிகளும் பாய் விரித்துத் தரையில் செய்பவை. இயந்திரங்களும் உண்டு, தொடங்குவதற்கு அவை வேண்டியதில்லை.

முதுகு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் ஓரளவு உதவக்கூடும் என்கிறது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் நேர்மையாகச் சொல்கிறது. பதிவான பக்கவிளைவுகள் சிறியவையே. அதன் சுருக்கத்தை இணையத்தில் யாரும் படிக்கலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் மட்டும் முதுகை வளைத்து உருளும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். இந்த எச்சரிக்கையே எல்லாருக்குமான தடையாகத் திரிந்திருக்கும் என நினைக்கிறேன்.

புதியவர் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்தால் போதும். கழுத்து வலித்தால் தலையைத் தூக்க வேண்டாம்.

பழைய வலி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டிடமோ பயோகினெட்டிசிஸ்டிடமோ (உடற்பயிற்சி வழியே சிகிச்சை தருபவர்) முதலில் கேளுங்கள். அவர் பதிவு பெற்றவரா என்பதைத் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறை மன்றத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.