ஒன்பதாவது சனிக்கிழமையும் அதே கதவு

அத்தை: என்னடா கார்த்தி, இன்றைக்காவது அந்தக் கதவு திறக்குமா?

கார்த்தி: எந்தக் கதவு அத்தை?

அத்தை: குகை வாசலில் இரும்புக் கதவு ஒன்று இருக்கிறதாமே. எட்டு சனிக்கிழமையாக நாலு பிள்ளைகளும் அதற்கு எதிரில்தான் நிற்கிறார்கள். பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்கு வரும்போதெல்லாம் என் காதில் விழுவது அது ஒன்றுதான். இன்றைக்கு ஒன்பது.

கார்த்தி: இன்றைக்குப் புது சிஸ்டம் அத்தை.

அத்தை: மறுபடியுமா? போன தீபாவளிக்குத்தானே லேப்டாப் வாங்கினாய்?

கார்த்தி: கம்ப்யூட்டர் இல்லை, ரூல்ஸ் சிஸ்டம். நாங்கள் ஆடுவது ரோல்-பிளேயிங் கேம். நான் கதை சொல்வேன், பையன்கள் ஆளுக்கொரு பாத்திரமாக வருவார்கள், நினைத்தது நடக்குமா என்பதை விதிப் புத்தகம் சொல்லும். கதை அதேதான், ஆளும் அதேதான், விதி மட்டும் வேறு. இதில் கதவு திறக்கிற அழகே தனி.

அத்தை: போன வாரமும் அழகாகத்தான் இருந்தது. திறக்கவில்லை.

(அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சமையலறைப் பேச்சு ஒன்றுவிடாமல் கேட்டது. நானாக ஒட்டுக் கேட்கவில்லை. அத்தையின் குரல் அப்படி.)

கார்த்தி: முதலில் ஆடியது டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாவது பதிப்பு. 2014இல் வந்தது. இருபது முகப் பகடையை உருட்டி, ஆளின் பலத்துக்கு உண்டானதைக் கூட்டி, பதினைந்தைத் தொட்டால் கதவு திறக்கும்.

அத்தை: புரிகிறது.

கார்த்தி: அதுதான் அதில் குறை. எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதனால் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்குப் போனோம். 2019. புத்தகம் 640 பக்கம். வேண்டியதைவிடப் பத்து கூடுதலாக வந்தால் கதவுக்குச் சேதமில்லாமல் திறக்கலாம். சும்மா ஜெயித்தால் கதவு உடைந்து திறக்கும். பத்து குறைந்தால் இன்னும் இறுகிக்கொள்ளும்.

அத்தை: 640 பக்கத்தில் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி இல்லையா?

கார்த்தி: பூட்டுக்குத் தனி விதி இருக்கிறது அத்தை.

அத்தை: இருக்கும், இருக்கும். அன்றைக்குத் திறந்தார்களா?

கார்த்தி: ஆளின் பலம், திறமையெல்லாம் குறிக்கிற கேரக்டர் ஷீட்டை எழுதி முடிப்பதற்குள் மணி எட்டாகிவிட்டது. அப்புறம் கர்ப்ஸ். 1986இல் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் போட்டது. எந்தக் கதைக்கும் பொருந்தும். சாதாரணப் பகடை மூன்று. குறைவாக விழுந்தால் வெற்றி.

அத்தை: குறைந்தால் வெற்றியா? பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கே இந்தப் புத்தகத்தை உன் அப்பாவிடம் காட்டியிருக்கலாமே.

கார்த்தி: அத்தை!

அத்தை: சரி, திறந்ததா?

கார்த்தி: அதில் கதவு எத்தனை அங்குலக் கனம், என்ன உலோகம் என்றெல்லாம் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்து கால் ஆஃப் கதுலு. 1981. அதில் கதவு பெரிய விஷயமே இல்லை. உள்ளே இருப்பதைப் பார்த்தால் ஆளுக்குப் புத்தி பேதலிக்கும். ஒவ்வொருவருக்கும் புத்திக்கு ஒரு எண் உண்டு. பார்க்கப் பார்க்க அது குறைந்துகொண்டே வரும்.

அத்தை: எனக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்.

கார்த்தி: அப்புறம் டிராவலர், 1977. விண்வெளிக் கதை.

அத்தை: குகை என்னடா ஆச்சு?

கார்த்தி: குகையை ஒரு கிரகத்துக்கு மாற்றினேன்.

அத்தை: கதவை?

கார்த்தி: அதையும்தான். ஆனால் அதில் ஆளை உருவாக்குவதே ஒரு ஆட்டம். பதினெட்டு வயதில் சேனையில் சேருகிறான். நாலு நாலு வருஷமாகச் சேவை. ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் பிழைத்தானா என்று உருட்ட வேண்டும். சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் காலி.

அத்தை: அன்றைக்கு எத்தனை பேர் கதவு வரைக்கும் வந்தார்கள்?

கார்த்தி: ஒருவன். மூன்று பேர் செத்துவிட்டார்கள்.

அத்தை: மூன்று பேர் செத்துமா அத்தனை பஜ்ஜி தீர்ந்தது?

(அன்றைக்குச் செத்தவர்களில் நானும் ஒருவன். முப்பதைத் தொடவில்லை. பஜ்ஜி விஷயத்தில் அத்தை சொல்வது சரிதான். சாவு வீட்டில் வேறு வேலை இல்லை.)

கார்த்தி: போன வாரம் ஆடியது அபோகலிப்ஸ் வேர்ல்ட், 2010. அதன் விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டு பகடை. பத்தும் அதற்கு மேலும் என்றால் முழு வெற்றி. ஏழிலிருந்து ஒன்பது என்றால் கதவு திறக்கும், ஆனால் கூடவே ஒரு வினையும் வந்து சேரும்.

அத்தை: இதற்கெதற்குப் புத்தகம்? எங்கள் பக்கத்தில் இதற்குச் சம்பந்தம் என்று பேர்.

கார்த்தி: அதில் இன்னொரு சிறப்பு, கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் பகடையே தொட மாட்டார்.

அத்தை: மாஸ்டர் யார்? நீதானே?

கார்த்தி: நான்தான்.

அத்தை: தெருமுனைக் கடையிலும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். மாவு பிசைவார், வீசுவார், கல்லில் போடுவார். அவர் எட்டு வாரம் வெறும் மாவையே பிசைந்துகொண்டு, மைதா சரியில்லை, வேறு மைதா வரவழைக்கிறேன் என்றால் கடை என்ன ஆகும்?

கார்த்தி: ரசனை என்று ஒன்று இருக்கிறது அத்தை. எல்லா விதியும் எல்லோருக்கும் ஒத்துவராது.

அத்தை: என் பிறந்த வீட்டுத் தாயத்தில், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். புகுந்த வீட்டில் ஐந்து போட்டாலும் இறக்குவார்கள். பிறந்த வீட்டில் ஒரு வெட்டு வெட்டாமல் பழமாக முடியாது. இங்கே உன் பாட்டி ஒரு காயைக்கூட வெட்டாமல் நாலையும் பழமாக்கிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதற்காகக் கட்டையை மூட்டை கட்டினேனா? முப்பது வருஷமாக முணுமுணுத்துக்கொண்டே ஆடுகிறேன்.

கார்த்தி: தாயத்தில் என்ன இருக்கிறது? இரண்டு பித்தளைக் கட்டை.

அத்தை: ஆமாம், ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதுதான் உனக்கு இளப்பம். இத்தனை புத்தகம் வாங்கினாயே, அந்தப் பையன்களுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கார்த்தி: கேட்டேன். அந்தக் கண்ணாடிக்காரன் ஐந்தாவது பதிப்பே போதும் என்கிறான். அவனுக்கு ருசி தெரியாது.

அத்தை: என் வாழைக்காய் பஜ்ஜியை எட்டு தின்கிறான். அவனுக்கா ருசி தெரியாது?

(கண்ணாடிக்காரன் நான்தான். ஏழு.)

அத்தை: அவன் அடுத்த மாதம் வேலைக்குப் புனே போகிறானாம், தெரியுமா உனக்கு? ஒரு சனிக்கிழமை விடாமல் வந்தான். ஊருக்குப் போய் என்னத்தை நினைத்துக்கொள்வான்? ஒரு கதவை.

கார்த்தி: ...

அத்தை: எண்ணெய் புகைகிறது, அடுப்பைக் குறை. இன்றைக்கு என்ன சிஸ்டம்?

கார்த்தி: டிரெட். இதில் பகடையே கிடையாது. மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, கஷ்டமான காரியம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக உருவி மேலே வைக்க வேண்டும். சரித்தவனுடைய ஆள் அவுட்.

அத்தை: அப்போது கலர் கலராகப் பகடை வாங்கிக் குவித்திருக்கிறாயே, அது?

கார்த்தி: அது வேறு சிஸ்டத்துக்கு.

அத்தை: சரி, முதன்முதலில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் கதவை என்ன செய்தார்கள்? அதைச் சொல்.

கார்த்தி: 1974. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர். மூன்று சின்னப் புத்தகம், அவ்வளவுதான். ஆறு முகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் கதவு திறக்கும். ஒரு வேடிக்கை என்னவென்றால், ராட்சசர்களுக்கு அதே கதவு தானாகத் திறக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அபத்தம் பாருங்கள்.

அத்தை: இதில் என்ன அபத்தம்? அவன் வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்காமல்? இத்தனையிலும் இது ஒன்றுதான் குடும்பம் நடத்தியவன் எழுதிய விதி. ஆமாம், ஒன்று கேட்கிறேன். முதல் வாரமே அந்தக் கண்ணாடிப் பையன் இருபது போட்டானே? ஹால் முழுக்கக் கத்தினார்களே?

கார்த்தி: போட்டான்.

அத்தை: பதினைந்து போதும் என்றாய். இருபது போட்டால் திறந்திருக்க வேண்டுமே.

கார்த்தி: அன்றைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அத்தை: அடுத்த வாரம் வேறு புத்தகத்தோடு வந்தாய்.

கார்த்தி: ஆமாம்.

அத்தை: கார்த்தி, கதவுக்கு உள்ளே என்னடா இருக்கிறது?

கார்த்தி: அது... சஸ்பென்ஸ் அத்தை.

அத்தை: நான் விளையாடப் போவதில்லை. என்னிடம் சொல்லலாம்.

கார்த்தி: இன்னும் எழுதவில்லை.

அத்தை: எட்டு வாரமாகவா?

கார்த்தி: சரியான சிஸ்டம் அமைந்ததும் எழுதலாம் என்று...

(ஹாலில் என் இருபதை நினைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே இருபது அது.)

அத்தை: பேனாவை எடு. எழுது. கதவு திறக்கிறது. உள்ளே ஒரு அடுப்பு. அடுப்புப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை.

கார்த்தி: சூனியக்காரியா?

அத்தை: அத்தை. எட்டு வாரத்துக் கடலைமாவு, எண்ணெய், வாழைக்காய் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். உள்ளே வந்தவன் காசைக் கீழே வைக்காமல் வெளியே போக முடியாது.

கார்த்தி: நன்றாக இருக்கிறதே! அவளுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட், எவ்வளவு அடி தாங்குவாள்? ஆயுதம்?

அத்தை: சாரணிக் கரண்டி.

கார்த்தி: கொதிக்கிற எண்ணெய் தெறிக்குமா?

அத்தை: தெறிக்கும்.

கார்த்தி: அப்படியானால் டிரெட் சரிப்படாது அத்தை. சூட்டுக் காயத்துக்கு ரொம்ப நுணுக்கமாக விதி எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ஆர்டர் போட்டால் அடுத்த சனிக்கிழமைக்குள்...

அத்தை: அங்கேயே நில். கரண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.